‘அனானிமஸ்’ பார்த்தவர்கள் ஏன் இரண்டாகப் பிரிந்தார்கள்? படத்தைத் திரையிட்டு விவாதம் வைக்க நினைப்பவர்களுக்கு ஒரு பதில்

கேள்வி சுருக்கமாக இது: கல்லூரி ஆங்கில இலக்கிய மன்றத்தில் ரோலண்ட் எம்மெரிக் இயக்கிய ‘அனானிமஸ்’ (2011) படத்தைப் போட்டு, முடிந்ததும் விவாதம் நடத்தப் போகிறார்கள். ஷேக்ஸ்பியர் பெயரில் உள்ள நாடகங்களை எழுதியது ஆக்ஸ்ஃபோர்டின் 17ஆவது பிரபு எட்வர்ட் டி வேர் என்பது அந்தப் படத்தின் கதை. வெளிவந்தபோது ஒரு பக்கம் பாராட்டு, ஒரு பக்கம் கொந்தளிப்பு. ஏன் அப்படி ஆயிற்று, நம் அரங்கில் அது வெறும் கூச்சலாகாமல் இருக்க என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள். படம் நன்றாக இருக்கிறதா என்பது ஒரு கேள்வி. படம் சொல்வது நடந்ததா என்பது வேறொரு கேள்வி. 2011இல் நடந்த சண்டையில் பாதி, ஒருவர் முதல் கேள்விக்குச் சொன்ன பதிலை இன்னொருவர் இரண்டாவதற்கான பதிலாக எடுத்துக்கொண்டதால் வந்தது. அமெரிக்க விமர்சகர் ரோஜர் ஈபர்ட் இந்தக் கோட்பாட்டை ஏற்கவில்லை. ஆனாலும் படத்துக்கு நான்கில் மூன்றரை நட்சத்திரம் கொடுத்தார். அதே ஆண்டு அக்டோபரில் ஷேக்ஸ்பியர் பிறந்த ஸ்ட்ராட்ஃபோர்டு ஊரில், அவர் வீட்டைப் பராமரிக்கும் அறக்கட்டளை ஷேக்ஸ்பியர் பெயர் தாங்கிய பலகைகளை ஒருநாள் மூடி வைத்தது. அவரை நீக்கிவிட்டால் என்ன மிச்சமிருக்கும் என்று காட்டுவதே நோக்கம். ஈபர்ட் முதல் கேள்விக்குப் பதில் சொன்னார், அறக்கட்டளை இரண்டாவதற்கு. இருவர் செய்ததும் அவரவர் கேள்வியளவில் சரி.

கோபம் அவ்வளவு தூரம் போனதற்குக் காரணம் படத்தின் முதல் சில நிமிடங்களில் இருக்கிறது. திரையில் தெரிவது இன்றைய நியூயார்க். தாமதமாக வரும் ஒருவர் அவசரமாக நாடக அரங்குக்குள் நுழைகிறார், நேரே மேடைக்குப் போகிறார், திரை உயர்கிறது. கோட்டு போட்ட மனிதர், முன்னால் நிறைந்த பார்வையாளர்கள். ஷேக்ஸ்பியர் கையால் எழுதிய ஒரு நாடகப் பிரதியும் நமக்குக் கிடைக்கவில்லை என்பதைப் போன்ற செய்திகளை அடுக்கி, உங்களுக்கு இன்னொரு கதை சொல்கிறேன் என்கிறார். நம் கூத்தில் கட்டியங்காரன் செய்யும் வேலை. ஆனால் கட்டியங்காரன் வேஷத்தோடு வருவான். பார்க்கப் போவது கூத்து என்று அவனைப் பார்த்ததுமே சபைக்குத் தெரியும். இங்கே வருபவர் டெரக் ஜேக்கபி, தன் சொந்த முகத்தோடு. பல பத்தாண்டுகள் ஷேக்ஸ்பியர் பாத்திரங்களில் நடித்தவர். நிஜ வாழ்விலும், ஷேக்ஸ்பியர்தான் எழுதினார் என்பதில் நியாயமான ஐயம் உண்டு என்ற 2007ஆம் ஆண்டு அறிக்கையை நடிகர் மார்க் ரைலன்ஸுடன் சேர்ந்து முன்வைத்தவர். ஆகவே அந்தக் காட்சியைப் பார்ப்பவருக்கு அது நடிப்பா, சாட்சியமா என்று பிரித்தறிய வழியில்லை. 1998இல் வந்த ‘ஷேக்ஸ்பியர் இன் லவ்’ படமும் தலை முதல் கால் வரை கற்பனைதான். அதற்காக ஒருவரும் பலகையை மூடவில்லை. அந்தப் படம் தன்னை நம்பச் சொல்லி யாரையும் கேட்கவில்லை.

விளம்பரம் இதை இன்னும் மோசமாக்கியது. ஷேக்ஸ்பியர் மோசடிக்காரரா என்ற கேள்வியே சுவரொட்டி வாசகம். போதாததற்கு, வெளியிட்ட சோனி நிறுவனம் இலக்கிய, வரலாற்று ஆசிரியர்களுக்குப் பாடக் குறிப்புகளை அனுப்பியது. கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜேம்ஸ் ஷாப்பிரோ அப்போது கடுமையாக எழுதியதற்கு இதுவும் ஒரு காரணம். திரையரங்கில் கதையாக இருப்பது வகுப்பறையில் பாடமாகிவிடுகிறது. நீங்கள் திரையிடப் போவதும் கல்லூரியில்தான் என்பதால் இதைக் கவனத்தில் வையுங்கள். அறிவிப்பிலேயே ‘கற்பனைப் படம், பிறகு ஆவணங்களோடு விவாதம்’ என்று எழுதிவிடுங்கள்.

பொது ரசிகர்களின் கதை வேறு. சுமார் 3 கோடி டாலர் செலவில் ஜெர்மனியின் பாபெல்ஸ்பெர்க் படப்பிடிப்பு நிலையத்தில் எடுத்த படம் உலகம் முழுவதும் அதில் ஏறத்தாழ பாதியைத்தான் வசூலித்தது. 2011 அக்டோபர் 28 அன்று அமெரிக்காவில் பெரிய அளவில் வருவதாக இருந்ததைக் கடைசி நேரத்தில் 265 திரையரங்குகளாகச் சுருக்கினார்கள். எம்மெரிக் என்றால் நகரங்கள் நொறுங்கும் படம் என்று வந்தவர்களுக்கு இது வசனப் படம். வசனத்துக்காக வந்தவர்களுக்கு எம்மெரிக் மீது நம்பிக்கையில்லை. அதற்கு மேல் கதை சொல்லும் முறை வேறு குழப்புகிறது. நியூயார்க் மேடையிலிருந்து பிரதிகளோடு ஓடும் நாடகாசிரியர் பென் ஜான்சனுக்குத் தாவுகிறது, அங்கிருந்து ஐந்து ஆண்டுகள் பின்னே, அங்கிருந்து நாற்பது ஆண்டுகள் பின்னே. ஆக்ஸ்ஃபோர்டாக முதிய வயதில் ரைஸ் இஃபான்ஸ், இளவயதில் ஜேமி கேம்ப்பெல் பவர். எலிசபெத் ராணியாக முதுமையில் வனெஸ்ஸா ரெட்கிரேவ், இளமையில் அவருடைய மகள் ஜோலி ரிச்சர்ட்சன். தாயும் மகளும் என்பதால் ராணியை எளிதில் அடையாளம் கண்டுவிடலாம். பொன்னிறத் தலைமுடியோடு வரும் பிரபுக்கள்தாம் ஒருவரோடு ஒருவர் கலந்துபோவார்கள். எசெக்ஸ் யார், சவுத்தாம்ப்டன் யார், ராணியின் ஆலோசகர்களான இரண்டு செசில்களில் தந்தை யார், மகன் யார் என்று ஒரு பக்கத் தாள் அச்சிட்டு வாசலில் கொடுங்கள். இதைச் செய்யாவிட்டால் விவாதத்தின் முதல் அரைமணி நேரம் “அவர் யாருடைய மகன்?” என்பதிலேயே போய்விடும்.

ஆக்ஸ்ஃபோர்டு கட்சிக்காரர்களே ஒருமனதாகக் கொண்டாடவில்லை என்பது பலருக்கும் தெரியாது. படம், டி வேர்தான் எழுதினார் என்பதோடு நிற்கவில்லை. சவுத்தாம்ப்டன் பிரபு டி வேருக்கும் ராணிக்கும் பிறந்த மகன், அதற்கும் மேலே டி வேரே ராணியின் மகன் என்று முறைதவறிய உறவுவரை போகிறது. ஆக்ஸ்ஃபோர்டு கோட்பாட்டை 1920இல் தொடங்கி வைத்த பள்ளி ஆசிரியர் ஜே. தாமஸ் லோனி, இந்த ரகசிய வாரிசுக் கதையைத் தம் காலத்திலேயே விரும்பவில்லை. கூட்டத்தில் அந்தக் கட்சியைச் சேர்ந்த ஒருவர் இருந்தால், இந்தப் படத்தை அவர் தலையில் கட்டாதீர்கள். அது நியாயமல்ல. (திரையிடுமுன் இந்த உறவு விஷயத்தை மாணவர்களுக்கு ஒரு வரியில் சொல்லிவிடுவதும் நல்லது.)

இனி உண்மைக்கு வருவோம். இங்கே பெரும்பாலான விவாதங்கள் தவறான இடத்தில் தொடங்குகின்றன. எதிர்ப்பவர் எழுந்து பிழைப் பட்டியல் வாசிப்பார். அக்கால நாடகாசிரியர் மார்லோ 1593 மே 30 அன்று டெப்ட்ஃபோர்டில் குத்திக் கொல்லப்பட்டார், படத்தில் அதற்குப் பின்னும் உயிரோடு நடமாடுகிறார். ராணிக்கு எதிராக எசெக்ஸ் பிரபு செய்த கலகத்துக்கு முந்தின நாள், 1601 பிப்ரவரி 7 அன்று, குளோப் நாடக அரங்கில் நடந்தது இரண்டாம் ரிச்சர்டு நாடகம். படத்தில் மூன்றாம் ரிச்சர்டு. ராணியின் இறுதி ஊர்வலம் படத்தில் உறைந்த தேம்ஸ் நதிமேல் போகிறது; உண்மையில் நடந்தது ஏப்ரல் 28. ரோமியோ ஜூலியட் முழுக்கச் செய்யுளில் இருப்பதைக் கண்டு படத்தில் நாடகக்காரர்கள் அதிசயிக்கிறார்கள். இயைபில்லாத ஐஞ்சீர்ச் செய்யுள் நாடகம் 1561இலேயே ‘கார்படக்’ என்ற பெயரில் மேடையேறிவிட்டது, 1580களில் மார்லோவின் ‘டாம்பர்லேன்’ அதை ஊரறியச் செய்துவிட்டது, அதுவும் போக ரோமியோவில் உரைநடைப் பகுதிகளும் உண்டு.

எல்லாம் சரிதான். ஆனால் இந்தப் பட்டியலால் விவாதம் நகராது. வரலாற்று நாடகம் எழுதுபவர் ஆண்டுகளை மாற்றுவார், ஷேக்ஸ்பியரும் மாற்றியவரே என்று எதிர்த்தரப்பு ஒரே வரியில் தட்டிவிடும், அந்தப் பதிலில் நியாயமும் உண்டு. இரண்டாம் ரிச்சர்டு மூன்றாம் ரிச்சர்டான மாற்றத்துக்குக்கூட நாடகக் காரணம் இருக்கிறது. படத்தின் வில்லன் ராபர்ட் செசிலுக்குக் கூன். மேடையில் கூனன் ரிச்சர்டைக் கண்டதும் கூட்டம் செசிலை நினைத்துக் கொதிக்க வேண்டும். பிழைப் பட்டியலை ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டு அப்பால் போங்கள்.

போக வேண்டிய இடம் நாடகக் கொட்டகை. படத்தின் ஆகச் சிறந்த காட்சியும் அங்கேதான் இருக்கிறது, படத்தின் வாதம் உடைவதும் அங்கேதான். ஐந்தாம் ஹென்றி நாடகம் நடக்கிறது. தரை டிக்கெட் கூட்டம் மேடையை நெருக்கி நிற்கிறது. அந்தக் காலத்தில் நின்று பார்க்க ஒரு பென்னி, உட்கார இரண்டு, மெத்தையோடு மூன்று. மார்க் ரைலன்ஸ் முன்னே வந்து தொடக்கவுரை சொல்கிறார். போருக்கு முந்திய பேச்சு வரும்போது கூட்டத்தின் முகங்களைப் பாருங்கள். நடிகர்கள் பேசப் பேச அவர்களும் போர்வீரர்களாகிவிடுகிறார்கள். நாடகம் மக்களைப் பிடித்தாட்டும் தருணத்தை இவ்வளவு நன்றாகக் காட்டிய படங்கள் குறைவு, அதற்காகவே இந்தப் படம் எனக்குப் பிடிக்கும். காட்சி முடிந்ததும் கூட்டம் நாடகாசிரியரைக் காட்டு என்று ஆரவாரம் செய்கிறது. மாடத்தில் இருக்கும் டி வேர், படத்தின்படி உண்மையான ஆசிரியர், வாய்திறக்க முடியாமல் நிற்க, நடிகன் ஷேக்ஸ்பியர் முன்னே வந்து கைத்தட்டலை எடுத்துக்கொள்கிறான். படத்தின் முழு ஏமாற்றுக் கதையும் அந்த ஒரு நொடியில் தொடங்குகிறது.

இந்தக் காட்சி முடிந்த கையோடு 1600இல் அச்சான ஐந்தாம் ஹென்றியின் முகப்புப் பக்கத்தைத் திரையில் போடுங்கள். மன்னன் பெயர் இருக்கிறது. அஜின்கோர்ட்டுப் போர் இருக்கிறது. பிஸ்டல் என்ற வாய்ச்சவடால் பாத்திரத்தின் பெயர்கூட இருக்கிறது. பலமுறை நடித்த கம்பெனி என்று சேம்பர்லேன் பிரபுவின் குழுவின் பெயர் இருக்கிறது. ஆசிரியர் பெயர் மட்டும் இல்லை. 1594இல் வந்த டைட்டஸிலும் இல்லை, 1599இல் வந்த ரோமியோவிலும் இல்லை. நாடகப் புத்தகங்களில் ஷேக்ஸ்பியர் பெயர் ஏறத் தொடங்குவதே 1598இல்தான். அந்தக் காலத்தில் நாடகம் கம்பெனியின் சொத்து; வாங்குபவர் எந்தக் கம்பெனி ஆடியது என்று பார்த்தே வாங்கினார். தன் பெயரை மறைக்க விரும்பிய பிரபு செய்ய வேண்டியது மிக எளிது: பெயரே போடாமல் விட்டிருக்கலாம். ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள். பெயர் கொடுக்க ஒரு ஆளைத் தேடிப் பிடித்து, அவனுக்குப் பணம் கொடுத்து, அவன் மிரட்டலுக்கு ஆளாகி அல்லல்பட வேண்டிய தேவையே இல்லை. படத்தின் தலைப்பான ‘அனானிமஸ்’, அதாவது பெயரில்லாமை, அன்றைய நாடக உலகில் இயல்பு நிலை.

அடுத்து 1599இன் ரோமியோ பிரதி. நான்காம் அங்கத்தின் கடைசியில் பீட்டர் என்ற வேலைக்காரன் மேடைக்கு வர வேண்டும். அச்சில் இருப்பது ‘வில் கெம்ப் வருகிறான்’ என்று. கெம்ப் பாத்திரமல்ல, கம்பெனியின் கோமாளி நடிகர். 1600இல் வந்த ‘மச் அடோ’ பிரதியிலும் இதே கதை: டாக்பெர்ரி பேச வேண்டிய வசனங்களுக்கு முன்னால் கெம்ப், வெர்ஜஸுக்கு முன்னால் கவ்லி என்று நடிகர்களின் பெயர்கள். அதே ஆண்டின் நான்காம் ஹென்றி இரண்டாம் பாகத்தில், இரண்டு பெண்களைப் பிடித்துப் போகும் சேவகன் வருமிடத்தில் ‘சிங்க்லோ’ என்று இருக்கிறது. அது எலும்பும் தோலுமாக இருந்த ஒரு துணை நடிகரின் பெயர். அந்தக் காட்சியில் பெண்கள் அவனைத் திட்டும் திட்டெல்லாம் ஒல்லி என்பதைச் சுற்றியே வருகிறது. எழுதியவர் மனத்தில் பாத்திரத்துக்கு முன்பே அந்த உடம்பு வந்துவிட்டது. நாளை ஒத்திகையில் யார் நிற்பார், அவர் எப்படி நடப்பார், எந்த வரிக்குச் சபை சிரிக்கும் என்று தெரிந்து எழுதிய கை அது. மாளிகையில் உட்கார்ந்து எழுதி முடித்து, கட்டிய பிரதிகளாக அலமாரியில் அடுக்கி வைத்து, ஆண்டுகள் கழித்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தவருக்கு சிங்க்லோவின் விலா எலும்பு எப்படித் தெரியும்? ஆண்டுக் கணக்குகள் எல்லாவற்றையும்விட இந்த மூன்று பெயர்கள்தாம் மாணவர்களை நிமிர்ந்து உட்கார வைக்கும்.

எழுதும் மேசை எப்படி இருந்திருக்கும் என்று காட்ட இன்னொரு சான்றும் உண்டு. பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கும் ‘சர் தாமஸ் மோர்’ என்ற நாடகத்தின் கையெழுத்துப் பிரதி பலர் கை பட்டது. அதில் மூன்று பக்கங்கள் ஷேக்ஸ்பியரின் கையெழுத்து என்று பெரும்பாலான ஆய்வாளர்கள் ஏற்கிறார்கள். அடித்தல், திருத்தல், வரிக்கு மேல் செருகல். இன்னொருவர் நாடகத்துக்கு ஒரு காட்சி எழுதிக் கொடுத்த கூலி வேலை அது. சந்தேகக் கட்சி இந்த அடையாளத்தை மறுக்கும். ஆகவே இதைத் தனிச் சான்றாக வைக்காமல் துணைச் சான்றாக வையுங்கள்.

ஆக்ஸ்ஃபோர்டு பக்கத்திலும் படம் சொல்லாமல் விடுவது ஒன்று இருக்கிறது. டி வேரிடம் சொந்தமாகவே நாடகக் கம்பெனி இருந்தது. 1580களிலும், மறுபடி 1600ஐ ஒட்டியும் அவர் பெயரில் குழு ஆடியது. ஹாம்லெட்டை எழுதியவர் தன் கம்பெனி பட்டினி கிடக்க, போட்டிக் கம்பெனிக்கு அதைக் கொடுத்தாரா? பிரபு நாடகம் எழுதுவது வெளியே தெரிந்தால் மானக்கேடு என்ற வாதமும் நிற்காது. அவர் நகைச்சுவை நாடகங்கள் எழுதியதை 1589இல் வந்த ஒரு கவிதையியல் நூலும், 1598இல் ஃபிரான்சிஸ் மியர்ஸ் எழுதிய நூலும் அச்சிலேயே பாராட்டுகின்றன. மியர்ஸின் நகைச்சுவைப் பட்டியலில் ஆக்ஸ்ஃபோர்டு பிரபுவின் பெயரும் இருக்கிறது, ஷேக்ஸ்பியர் பெயரும் இருக்கிறது. இரண்டு பெயர், இரண்டு ஆள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் வேலையை இங்கே செய்ய முடியாது.

பிறகு ஆண்டு. டி வேர் இறந்தது 1604 ஜூன் 24. ‘த டெம்பஸ்ட்’ 1609இல் பெர்முடாவில் நடந்த கப்பல் விபத்துச் செய்திகளிலிருந்து எடுத்தது என்று உடனே பாயாதீர்கள். அதற்கு முந்திய விபத்துக் கதைகளும் உண்டு என்று எதிர்க்கட்சி தயாராக இருக்கும். அதைவிட உறுதியான நிலம் கூட்டு நாடகங்கள். ‘டூ நோபிள் கின்ஸ்மன்’ 1634இல் அச்சானபோது ஃபிளெச்சர், ஷேக்ஸ்பியர் என்று இரண்டு பெயரும் முகப்பில் வந்தன. ஜான் ஃபிளெச்சர் 1579இல் பிறந்தவர், 1610களில் கம்பெனிக்காக ஷேக்ஸ்பியரோடு சேர்ந்து எழுதியவர். செத்தவர் விட்டுப்போன துண்டுகளை இவர்கள் முடித்தார்கள் என்று பதில் வரும். அப்போது கொட்டகையைக் காட்டுங்கள். 1608இல் கம்பெனிக்குப் பிளாக்ஃபிரையர்ஸ் என்ற உள்ளரங்கம் கிடைத்தது. அங்கே வெளிச்சம் மெழுகுவர்த்தி. அங்கத்துக்கு அங்கம் நிறுத்தி, திரி கத்தரித்து, இசை வாசிக்க இடைவேளை வேண்டும். திறந்தவெளிக் குளோபில் ஒரே மூச்சாக ஆடுவார்கள். கடைசிக்கால நாடகங்களின் அமைப்பு இந்த இடைவேளைகளை எண்ணிக் கட்டியது. 1604இல் கண்மூடியவர் 1608இல் கிடைத்த அரங்கின் மெழுகுவர்த்திக்காக எழுத முடியாது.

உங்கள் அரங்கில் கட்டாயம் எழும் மூன்று ஐயங்களுக்கும் பதில் தயாராக இருக்கட்டும். ஒன்று, கையெழுத்து: ஆறுதான் இருக்கிறது, ஒவ்வொன்றும் ஒரு விதமாக எழுதியிருக்கிறது, எழுதத் தெரியாதவர் என்பார்கள், படம் அவரைப் பேனா பிடிக்கத் தெரியாதவராகவே காட்டுகிறது. அந்தக் காலத்தில் பெயருக்கு ஒரே எழுத்துக்கூட்டு கிடையாது. கேம்பிரிட்ஜில் படித்த மார்லோவின் கையெழுத்து நமக்குக் கிடைத்தது ஒன்றே ஒன்று, அதில் அவர் ‘மார்லி’ என்று போட்டிருக்கிறார். இரண்டாவது, பள்ளி: ஷேக்ஸ்பியர் படித்ததற்குப் பதிவேடு இல்லை. உண்மை, அந்தப் பள்ளியின் அக்காலப் பதிவேடே இல்லை, அங்கே படித்த ஒருவருக்கும் இல்லை. அவர் தந்தை 1568இல் ஊரின் தலைமைப் பதவியில் இருந்தவர், லத்தீன் சொல்லிக் கொடுக்கும் பள்ளி நடக்கும் தூரத்தில் இருந்தது. ‘பாமரன் மகன் எப்படி எழுதுவான்’ என்ற எண்ணம் எங்கிருந்து வருகிறது என்று இங்கே மெதுவாகக் கேட்கலாம்: மார்லோ செருப்புத் தைப்பவர் மகன், பென் ஜான்சன் செங்கல் கட்டுபவரின் வளர்ப்பு மகன். ஜான்சனை முக்கியப் பாத்திரமாக்கிய படமே அவர் பிறப்பைப் பற்றிக் கேள்வி எழுப்பவில்லை.

மூன்றாவது உயில். 1616ஆம் ஆண்டு உயிலில் புத்தகங்கள் இல்லை, பிரதிகள் இல்லை, இரண்டாந்தரக் கட்டில் மட்டும் மனைவிக்கு என்று சிரிப்பார்கள். வீட்டுச் சாமான்கள் தனிப் பட்டியலில் வரும், அந்தப் பட்டியல் நமக்குக் கிடைக்கவில்லை. நாடகப் பிரதிகள் கம்பெனியுடையவை, அவர் எழுதி வைக்க அவருக்குச் சொந்தமில்லை. ஆனால் உயிலில் ஒரு வரி இருக்கிறது: ஹெமிங்ஸ், பர்பேஜ், காண்டல் என்ற மூன்று சக நடிகர்களுக்கு மோதிரம் வாங்க ஆளுக்கு 26 ஷில்லிங் 8 பென்ஸ். வரிகளுக்கு நடுவே பிறகு செருகியது, ஆகவே பொய் என்று சொல்பவர்கள் உண்டு. அந்தக் கட்டிலும் அப்படிச் செருகிய வரியில்தான் வருகிறது. அதை மட்டும் நம்பிச் சிரிப்பது எப்படி என்று கேளுங்கள். ஏழு ஆண்டு கழித்து, 1623இல், அந்த மூவரில் உயிரோடிருந்த ஹெமிங்ஸும் காண்டலும் 36 நாடகங்களைத் திரட்டி முதல் ஃபோலியோ என்ற தொகுப்பை வெளியிட்டார்கள். அதில் 18 நாடகங்கள் அதற்கு முன் அச்சேறாதவை. இவர்கள் இல்லையென்றால் மக்பெத் இல்லை, டெம்பஸ்ட் இல்லை. தங்கள் நண்பரும் சக தொழிலாளியுமான ஷேக்ஸ்பியரின் நினைவு வாழவே இதைச் செய்தோம் என்று அதில் எழுதியிருக்கிறார்கள். படத்தில் அந்த ஐந்தாம் ஹென்றி தொடக்கவுரையைச் சொல்லும் மார்க் ரைலன்ஸ் ஏற்ற பாத்திரம் யார் தெரியுமா? ஹென்றி காண்டல்தான். படம் அவருக்கு மேடையில் குரல் கொடுத்துவிட்டு, அவர் தந்த சாட்சியத்தை விட்டுவிட்டது.

விவாதத்தை வழக்கு மன்றமாக நடத்தத் தோன்றும். 1987இல் வாஷிங்டனில் அமெரிக்க உச்சநீதிமன்ற நீதிபதிகள் மூவர் முன் அப்படியொரு மாதிரி வழக்கு நடந்தது. தீர்ப்பு ஷேக்ஸ்பியர் பக்கம். ஆனாலும் அந்த மூவரில் ஒருவரான ஜான் பால் ஸ்டீவன்ஸ் பிற்காலத்தில் ஆக்ஸ்ஃபோர்டு பக்கம் சாய்ந்தார். மன்ற வடிவத்தில் ஒரு குறை உண்டு. இரு தரப்புக்கும் சம நேரம் கொடுத்ததுமே, இரு தரப்புச் சான்றும் சம எடை என்று கேட்பவருக்குத் தோன்றிவிடுகிறது; நன்றாகப் பேசுபவர் ஜெயிக்கிறார். நீங்கள் வேறு விதமாகச் செய்யலாம்.

படம் 130 நிமிடம். முடிந்ததும் விளக்கைப் போட்டு, ஒருவரும் பேசுமுன் ஆளுக்கொரு சிறு தாள் கொடுங்கள். அதில் இரண்டே கேள்விகள்: படம் எவ்வளவு பிடித்தது, எவ்வளவு நம்பினீர்கள், ஐந்துக்கு மதிப்பெண். பெயர் வேண்டாம். பேச ஆரம்பித்த பிறகு வாங்கினால் பயனில்லை, எல்லாரும் முதலில் பேசியவரைப் பார்த்துப் போடுவார்கள். தேநீருக்குப் பத்து நிமிடம். பிறகு ஐந்தாம் ஹென்றிக் காட்சியை மறுபடி போட்டு, ஆறேழு பேர் கொண்ட குழுக்களாகப் பிரித்து, குழுவுக்கு ஒரு ஆவணம்: 1600இன் முகப்புப் பக்கம், ‘வில் கெம்ப்’ வரும் ரோமியோ பக்கம், மியர்ஸின் பட்டியல், உயிலின் மோதிர வரி. இவற்றின் நிழற்படங்கள் நூலகங்களின் இணையப் பக்கங்களில் இலவசமாகக் கிடைக்கின்றன. பழைய அச்சில் எஸ் எழுத்து எஃப் போல நீண்டிருக்கும், உயிலின் கையெழுத்தோ சுத்தமாகப் புரியாது. எனவே படியெடுத்த வரியையும் கீழே அச்சிடுங்கள். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரே கேள்வி: ஷேக்ஸ்பியர் எழுதியிருந்தால் இந்தத் தாள் இப்படி இருக்குமா, டி வேர் எழுதியிருந்தால் இப்படி இருக்குமா? கால் மணி நேரம் போதும். பிறகு குழுவுக்கு ஐந்து நிமிடம் பேச்சு, அதன்பின் பொது விவாதம்.

கூட்டம் கெடுவது பெரும்பாலும் இரண்டு இடங்களில். ஒருவர் பேக்கன், மார்லோ, ரகசியக் குறியீடு என்று தொடங்குவார். இதுவரை எழுபதுக்கும் மேற்பட்டவர்களை உண்மையான ஆசிரியர் என்று முன்மொழிந்திருக்கிறார்கள், ஒருநாளில் தீராது. இன்று டி வேர் மட்டும் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். இன்னொருவர், ஷேக்ஸ்பியர்தான் எழுதினார் என்று சந்தேகத்துக்கிடமின்றி நிரூபியுங்கள் என்பார். அந்த அளவுகோலை மற்றவர்களுக்கும் வையுங்கள். அக்காலத்தில் பெரும் புகழ்பெற்ற ‘ஸ்பானிஷ் ட்ராஜெடி’யைத் தாமஸ் கிட் எழுதினார் என்பது 1612இல் நாடகாசிரியர் ஹேவுட் போகிற போக்கில் எழுதிய ஒரு வரியால்தான் நமக்குத் தெரியும். கிட்டை ஒருவரும் சந்தேகிப்பதில்லை. ஷேக்ஸ்பியருக்கோ 1592 முதல் ஏச்சும் பாராட்டும், அரசவைக் கணக்கும், 1604 முடிசூட்டு ஊர்வலத்துக்காக அரசன் கொடுத்த நாலரை கெஜம் சிவப்புத் துணியின் பதிவும்வரை இருக்கிறது.

சந்தேகப்படுபவர்களைக் கிண்டல் செய்ய அனுமதிக்காதீர்கள். ரைலன்ஸ் 1995 முதல் 2005 வரை லண்டன் குளோபின் கலை இயக்குநராக இருந்து அந்த நாடகங்களுக்கு உயிர் கொடுத்தவர். நாடகத்தின் மேல் உள்ள ஆசையால்தான் பலரும் இந்தக் கேள்விக்குள் வருகிறார்கள். கலையும்போது அதே இரண்டு கேள்விகளைப் புதுத் தாளில் மறுபடி கேளுங்கள். முதல் மதிப்பெண் இறங்கத் தேவையில்லை. இரண்டாவது மாறினால் எந்த ஆவணத்தால் மாறியது என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்.